கணினியில் ஓர் ஈரல்: எம்ஆர்ஐ கொழுப்பு அளவைச் சிமுலேஷன் செய்து சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

கடலூர் முதுநகரில் மீன் ஏலத் தொழில் செய்யும் என் மாமா, ஒருநாள் இரண்டு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டுகளோடு வீட்டுக்கு வந்தார். இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம். முதலாவதில் ஈரல் கொழுப்பு 14%, அடுத்ததில் 10%. எடுத்த இடங்கள் வேறு வேறு. “மாப்ள, ரெண்டே மாசத்துல நாலு எறங்கிடுச்சு பாத்தியா! சில்வர் பீச்சுல தெனம் நடந்தது வீண்போகல” என்றார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. “ரெண்டு சிடியையும் குடுங்க மாமா, பாத்துட்டுச் சொல்றேன்” என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான் புதுச்சேரியில் மருத்துவக் கருவியியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன். அன்று இரவு மாமாவின் ஈரலைப் போல ஒன்றைக் கணினியில் செய்து பார்த்தேன். அப்படிச் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே முதலிலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலும் கொஞ்சம் பைத்தானும் தெரிந்தால் போதும். காலாப்பட்டிலோ கடலூரிலோ படிக்கும் மாணவர் ஒருவர் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

எதற்காக இந்த வேலை

அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்காத குடும்பம் இப்போது குறைவு. அது கண்ணால் பார்த்துச் சொல்லும் தரம். எம்ஆர்ஐ தருவதோ ஒரு எண். ஈரலில் அசையும் புரோட்டான்களில் எத்தனை பங்கு கொழுப்பைச் சேர்ந்தவை என்பதே அந்த எண். கொழுப்பை, நீரும் கொழுப்பும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் வருவது. பிடிஎஃப்எஃப் என்று சொல்வார்கள், நான் கொழுப்புப் பங்கு என்றே எழுதுகிறேன். 5% அல்லது அதையொட்டிய ஓர் எண்ணைத் தாண்டினால் கொழுப்பு அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். டல்லஸ் நகர மக்களிடம் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி முறையில் (சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரிப்பது) அளந்து 2005இல் வெளியான ஆய்வில் வந்த 5.56% என்ற எல்லையும் பரவலாகப் புழங்குகிறது.

எண்ணாக வருவதால் அதை நம்பத் தோன்றுகிறது. ஆனால் உயிருள்ள மனிதரின் ஈரலில் உண்மையான பதில் என்ன என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஊசி போட்டு எடுக்கும் பயாப்ஸி, ஈரலில் சுமார் 50,000இல் ஒரு பங்கைத்தான் பார்க்கிறது. அதுவும் கொழுப்புத் துளி உள்ள செல்கள் எத்தனை சதவீதம் என்று எண்ணுகிறதே தவிர, புரோட்டானை எண்ணுவதில்லை. அப்படியானால் ஸ்கேனர் சொன்ன 14 சரியா, தவறா என்று எதனோடு ஒப்பிடுவது?

பதில் தெரிந்த ஈரல் ஒன்று வேண்டும். கணினியில் 10% கொழுப்பு என்று நாமே வைத்து, அதிலிருந்து ஸ்கேனருக்கு என்ன சிக்னல் வந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்தச் சிக்னலை அளவு முறையிடம் கொடுத்து, ‘இப்போது சொல், எவ்வளவு?’ என்று கேட்கிறோம். 10 என்று சொன்னால் சரி. 7 என்று சொன்னால், அந்த 3 எங்கே போனது என்று தேடலாம்.

படி 1: ஒரே ஒரு வோக்ஸல்

முழு ஈரலையும் படமாக வரைய அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு வோக்ஸலில், அதாவது ஸ்கேன் படத்தின் மிகச் சிறிய கனத் துண்டு ஒன்றில், தொடங்குங்கள். பைத்தானின் நம்பை, மேட்ப்ளாட்லிப் நூலகங்கள் இரண்டும் இருந்தால் போதும். கணினியில் நிறுவ முடியாவிட்டால் கூகுள் கோலாபில் இலவசமாகவே ஓட்டலாம். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நீர், கொழுப்பு, எக்கோ என்று எழுதிப் பழகிய மாணவர்கள் சமன்பாட்டை மறப்பதில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

இயற்பியல் இவ்வளவுதான். நீரின் புரோட்டானும் கொழுப்பின் புரோட்டானும் ஒரே காந்தப்புலத்தில் சற்றே வேறு வேகத்தில் சுழல்கின்றன. கொழுப்பின் முக்கியமான உச்சம் (அதிர்வெண் வரைபடத்தில் சிக்னல் உயர்ந்து நிற்கும் இடம்) நீரைவிடப் பத்து லட்சத்தில் 3.4 பங்கு பின்தங்கும். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது நொடிக்குச் சுமார் 217 சுற்று, அதாவது 217 ஹெர்ட்ஸ். தேர் வடத்தை இருபுறமும் இழுப்பவர்கள் ஒரே தாளத்தில் இழுத்தால் விசை கூடும், எதிரெதிராக இழுத்தால் கழியும். அப்படித்தான் இங்கும். தூண்டிய பிறகு 2.3 மில்லி வினாடியில் கொழுப்பு நீருக்கு நேர் எதிராக நிற்கும். அப்போது வரும் சிக்னல் நீர் கழித்தல் கொழுப்பு. 4.6 மில்லி வினாடியில் இரண்டும் மறுபடி ஒன்றுசேரும். அப்போது நீர் கூட்டல் கொழுப்பு. தாமஸ் டிக்சன் 1984இல் சொன்ன யோசனை இதுதான். இன்றைய முறைகள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

நிரலில் நீர் = 0.9, கொழுப்பு = 0.1 என்று வையுங்கள். எக்கோ நேரங்கள், அதாவது தூண்டிய பிறகு சிக்னலைப் பதிவு செய்யும் நேரங்கள், 0.0023 வினாடியும் 0.0046 வினாடியும். கொழுப்பை ‘2 × பை × −217 × நேரம்’ என்ற கோணத்துக்குச் சுழற்றி நீரோடு கூட்டினால் சிக்னல் வந்துவிடும். கலப்பெண்களாகவே வைத்திருங்கள், அளவை மட்டும் எடுப்பது பிறகு.

படி 2: திருப்பிக் கேளுங்கள்

சேர்ந்த எக்கோவிலிருந்து எதிர் எக்கோவைக் கழித்து, சேர்ந்த எக்கோவின் இரு மடங்கால் வகுங்கள். (1.0 − 0.8) ÷ 2.0 = 0.10. பத்து சதவீதம் திரும்பி வந்துவிட்டது.

இந்தப் படியைச் சின்னதென்று தாண்டிப் போகாதீர்கள். குறை எதுவும் சேர்க்காதபோது போட்ட எண் அப்படியே திரும்பாவிட்டால், பிழை நிரலில்தான் இருக்கிறது. பெரும்பாலும் மில்லி வினாடியை வினாடி ஆக்காமல் விட்டிருப்போம், இல்லையென்றால் சுழலும் திசையின் குறி மாறியிருக்கும். இந்தக் குறி விஷயத்தில் நான் இரண்டு இரவு தொலைத்தேன். பல எக்கோ கணக்கில் குறி தலைகீழானால் 10% கொழுப்பு 90% பக்கம் போய் நிற்கும், நீரும் கொழுப்பும் இடம் மாறிவிடும். உண்மையான ஸ்கேனர் தரவிலும் இதே சிக்கல் உண்டு. சுழற்சித் திசையை எல்லா இயந்திரமும் ஒரே குறியில் எழுதுவதில்லை.

படி 3: ஒவ்வொரு குறையாகச் சேருங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது, நிதானமாக வாருங்கள். உண்மையான ஈரலில் மூன்று விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன. கணினியில் மட்டும்தான் அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதல் குறை டி1. தூண்டிவிட்ட புரோட்டான் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் அது. 1.5 டெஸ்லாவில் ஈரல் நீருக்குச் சுமார் 586 மில்லி வினாடி, தோலடிக் கொழுப்புக்குச் சுமார் 343. கொழுப்பு சீக்கிரம் தயாராகிவிடுவதால், அடுத்தடுத்து வேகமாகத் தூண்டும்போது நீர் களைத்துப்போகிறது, கொழுப்பு தெம்பாக நிற்கிறது. விளைவு, கொழுப்பு அதிகமாகத் தெரியும். எவ்வளவு அதிகம் என்பது ஃபிளிப் கோணத்தைப் பொறுத்தது, அதாவது ஒவ்வொரு தூண்டலிலும் புரோட்டானை எவ்வளவு சாய்க்கிறோம் என்பதை.

கிரேடியன்ட் எக்கோ சமன்பாட்டைப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் சைன் கோணம் × (1 − ஈ) ÷ (1 − ஈ × கொசைன் கோணம்), இதில் ஈ என்பது மைனஸ் டிஆர் வகுத்தல் டி1இன் அடுக்கு மதிப்பு, டிஆர் என்பது ஒரு தூண்டலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம். டிஆர் 15 மில்லி வினாடி என்று வைத்து நான் ஓட்டியபோது, உண்மையான 10% கொழுப்பு 20 டிகிரியில் 13.6% என்று வந்தது. 5 டிகிரியில் 10.5%. 3 டிகிரியில் 10.2%.

மாமாவின் சிடிகளைத் திறந்தது இந்த இடத்தில்தான். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் ஒவ்வொரு டைகாம் கோப்பின் தலைப்பிலும் ஃபிளிப் கோணம், டிஆர், எக்கோ நேரம், காந்தப்புல வலிமை எல்லாம் பதிவாகியிருக்கும். பைடைகாம் என்ற நூலகம் இருந்தால் நான்கு வரியில் படித்துவிடலாம். முதல் சென்டர் 20 டிகிரி. இரண்டாவது 5 டிகிரி. மற்றதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. கொழுப்பு ஒரு துளிகூடக் குறையாமலே 13.6 என்பது 10.5 ஆகலாம். மாமாவின் 14உம் 10உம் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. அவர் நடந்ததால் குறையவில்லை என்று இது நிரூபிக்காது. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்பதை மட்டும் நிரூபிக்கிறது. மருந்து ஆய்வுகளில் கொழுப்புப் பங்கு இருந்த அளவில் 30% குறைந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டிய மாற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே செட்டிங் மாறியதற்கே 23% குறைந்திருக்கிறது என்றால், விஷயத்தின் கனம் புரியும்.

எல்லைக் கோட்டில் நிற்பவர்களுக்கு இன்னும் மோசம். உண்மையில் 4% உள்ளவர், அதாவது நலமானவர், 20 டிகிரியில் 5.6% என்று வருவார். ஒரு கோணத்தின் காரணமாக ஒருவருக்கு நோய்ப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியென்றால் கோணத்தை 3 டிகிரியாகவே வைத்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். சிக்னலையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்வேன். 20 டிகிரியில் நீரின் சிக்னல் 100 என்றால் 5 டிகிரியில் 74, 3 டிகிரியில் 48. பாதிக்கும் கீழே போனால் இரைச்சல் மேலேறும். 5 டிகிரி பக்கம் நிற்பது 1.5 டெஸ்லாவில் நியாயமான சமரசம் என்பது என் கருத்து. 3 டெஸ்லாவில் டி1 நீளும், ஈரலுக்குச் சுமார் 809, கொழுப்புக்கு 382. அதே நிரலில் எண்களை மாற்றி நீங்களே போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது குறை டி2 ஸ்டார். சிக்னல் நேரம் போகப் போகத் தேய்கிறது, அப்படித் தேய எடுக்கும் நேரம் இது. நலமான ஈரலில் 1.5 டெஸ்லாவில் 28 மில்லி வினாடி என்று வைக்கலாம். இரும்பு சேர்ந்த ஈரலில் மிக வேகமாகத் தேயும், 10 என்று வைப்போம். தலசீமியாவுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைவிடவும் குறைவாக இருக்கலாம். டி1 குறையை எடுத்துவிட்டு இதை மட்டும் சேருங்கள். சேர்ந்த எக்கோ பிந்தி வருவதால் கூடுதலாகத் தேய்ந்திருக்கும், கொழுப்பு குறைவாகத் தெரியும். நான் போட்ட 10%, 28 மில்லி வினாடியில் 6.6% ஆனது. 10 மில்லி வினாடியில் மைனஸ் 0.3%. அதாவது இரும்பு உள்ள ஈரலில் பத்து சதவீதக் கொழுப்பு முழுசாகக் காணாமல் போகிறது.

இப்போது இந்த இரண்டு குறையையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டுங்கள். 20 டிகிரி கோணம், 28 மில்லி வினாடி. எனக்கு வந்த விடை 10.5%. முதல்முறை இதைப் பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, முறை பிரமாதமாக வேலை செய்வது போலத் தெரிகிறது. நலமான பத்துப் பேரை ஸ்கேன் செய்து, ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியோடு ஒப்பிட்டு, ‘பார், ஒத்துப்போகிறது’ என்று ஒருவர் நம்பிவிடலாம். அதே முறையில் இரும்பு ஏறிய ஈரல் ஒன்றை வையுங்கள், டி2 ஸ்டார் 10. விடை 4.2%. ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் போகும். சரியான எண் வந்துவிட்டது என்பதற்காக முறை சரியென்று ஆகாது. எந்த ஈரலில், எந்த நிலையில் வந்தது என்று பார்க்க வேண்டும். இதை மனிதர்களிடம் சோதித்துக் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆகும், கணினியில் ஒரு மாலை போதும்.

மூன்றாவது குறை கொழுப்பின் முகம். இதுவரை கொழுப்புக்கு ஒரே ஓர் உச்சம் என்று பாவித்தோம். உண்மையில் ட்ரைகிளிசரைடில் புரோட்டான்கள் பல இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் வேகத்தில் சுழலும். பரவலாகப் புழங்கும் ஆறு உச்ச மாதிரியில், நீரிலிருந்து தள்ளியிருக்கும் தூரம், பத்து லட்சத்தில், −3.80, −3.40, −2.60, −1.94, −0.39, +0.60. பங்குகள் முறையே 0.087, 0.693, 0.128, 0.004, 0.039, 0.048. 1.5 டெஸ்லாவில் ஒவ்வொன்றையும் 63.87ஆல் பெருக்கினால் ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

கடைசி இரண்டையும் கவனியுங்கள். நீருக்கு இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டும் சேர்ந்து கொழுப்பில் 8.7%. ஓர் உச்சத்தை மட்டும் தேடும் முறை இவற்றை நீரின் கணக்கில் எழுதிவிடும். மற்ற குறை எதுவுமில்லாமல், சிக்னலை ஆறு உச்சத்தோடு செய்து பழைய இரண்டு எக்கோ சூத்திரத்திடம் கொடுத்தேன். 10%க்கு 8.2% வந்தது. மூன்று குறையும் சேர்ந்தபோது 7.9%. அதோடு இரும்பும் சேர்ந்தால் 1.2%.

இந்த எண்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வையுங்கள். எந்தக் குறை எந்தத் திசையில் இழுக்கிறது என்பது மனசில் பதிந்துவிட்டால், இனி எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் சரியான கேள்வி உங்களுக்குள் எழும்.

படி 4: முறையைத் திருத்துங்கள்

குறையைப் பார்த்தாயிற்று, இனி மருந்து. இரண்டு எக்கோவுக்குப் பதில் ஆறு எக்கோ எடுங்கள். 1.2 மில்லி வினாடியில் தொடங்கி 2.0 இடைவெளி, கடைசி எக்கோ 11.2இல். இப்போது தெரியாத விஷயங்கள் நான்கு: நீர், கொழுப்பு, தேய்மான வேகம், அந்த இடத்தில் காந்தப்புலம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. தேய்மான வேகம் என்பது டி2 ஸ்டாரின் தலைகீழ்.

நான்கையும் ஒரேயடியாகத் தேடுவது சிரமம். ஆனால் கடைசி இரண்டையும் இன்னதென்று வைத்துவிட்டால், நீரும் கொழுப்பும் சாதாரண லீஸ்ட் ஸ்கொயர்ஸ் (பிழைகளின் வர்க்கக் கூட்டலைக் குறைக்கும்) கணக்கு, நம்பையில் ஒரே வரி. ஆகவே புல விலகலை −250 முதல் +250 ஹெர்ட்ஸ் வரையும், தேய்மானத்தை நொடிக்கு 0 முதல் 500 வரையும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நீர், கொழுப்பைக் கண்டு, மிச்சப் பிழை எங்கே குறைவு என்று பாருங்கள். எக்கோ இடைவெளி 2.0 மில்லி வினாடி என்பதால் 500 ஹெர்ட்ஸுக்கு ஒருமுறை விடை திரும்பத் திரும்ப வரும், அதற்கு மேல் தேடிப் பயனில்லை. முதலில் அகலமான கட்டம், பிறகு சுற்றிலும் நெருக்கமான கட்டம்.

மிச்சப் பிழையைப் படமாக வரைந்து பாருங்கள். ஒரு பள்ளம் அல்ல, இரண்டு மூன்று பள்ளங்கள் தெரியும். சரியான பள்ளத்தில் கொழுப்பு 10%. தவறான பள்ளத்தில் விழுந்தால் நீரும் கொழுப்பும் இடம் மாறிவிடும். ஆறு உச்ச மாதிரியில் தவறான பள்ளம் ஆழம் குறைவாக இருக்கும், கொழுப்புக்கு ஆறு உச்சம், நீருக்கு ஒன்றே ஒன்று என்ற வித்தியாசம் அங்கே கைகொடுக்கிறது.

இரைச்சல் இல்லாமல் ஓட்டி, 28 மில்லி வினாடியிலும் 10 மில்லி வினாடியிலும் 10% திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வர வேண்டும். ஃபிளிப் கோணத்தின் குறையை மட்டும் இந்தக் கணக்கு தீர்க்காது. அதைக் கோணத்தைக் குறைத்துத் தீர்க்கலாம்.

சொந்த நிரலைச் சரிபார்க்க, எம்ஆர்ஐ ஆய்வாளர்களின் உலக அமைப்பான ஐஎஸ்எம்ஆர்எம் 2012இல் வெளியிட்ட கொழுப்பு–நீர் கருவித்தொகுப்பு இருக்கிறது, மேட்லாபில் எழுதியது. ஒரே சிக்னலை இரண்டுக்கும் கொடுத்து ஒப்பிடுங்கள்.

படி 5: இரைச்சல்

சுத்தமான சிக்னலில் எல்லா முறையும் நல்ல பிள்ளைதான். ஒவ்வொரு எக்கோவின் மெய்ப் பகுதிக்கும் கற்பனைப் பகுதிக்கும் தனித்தனியே காஸியன் இரைச்சல் சேருங்கள். சிக்னல் 1 என்றால் இரைச்சல் முப்பதில் ஒரு பங்கு என்று தொடங்கலாம். இதை ஆயிரம் முறை ஓட்டி இரண்டு எண்களை எழுதுங்கள்: சராசரி விடை உண்மையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன. முதலாவது சாய்வு, இரண்டாவது சிதறல். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிதறலைப் பல வோக்ஸலின் சராசரி எடுத்து அடக்கிவிடலாம். சாய்வை எத்தனை சராசரி எடுத்தாலும் போக்க முடியாது.

கொழுப்பே இல்லாத ஈரலை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கணக்கிட்ட கொழுப்பு எண் பூஜ்ஜியத்தைச் சுற்றி நாலாபுறமும் சிதறும். அதன் அளவை மட்டும் எடுத்தால் மைனஸ் என்பதே கிடையாது, எல்லாம் பிளஸ். இரண்டு பகுதியிலும் 2% சிதறல் என்றால் சராசரி 2.5% கொழுப்பு என்று காட்டும், இல்லாத கொழுப்பு. இதற்கு 2007இல் வெளியான எளிய தீர்வு ஒன்று உண்டு. நீர் மிகுந்த இடத்தில் கொழுப்பை நேராக அளக்காமல், நீரின் அளவை மொத்தத்தால் வகுத்து ஒன்றிலிருந்து கழிப்பது. இரண்டு வழியிலும் போட்டு வித்தியாசத்தைப் பாருங்கள்.

கெட்ட விஷயம் இன்னொன்று. இரும்பு மிக அதிகமாகி டி2 ஸ்டார் 3 மில்லி வினாடி ஆகிவிட்டால், 11.2இல் வரும் கடைசி எக்கோவில் சிக்னல் 2.4%தான் மிஞ்சும். அளவை மட்டும் வைத்துக்கொள்ளும் தரவில் வெறும் இரைச்சலே 4%க்கு மேல் காட்டும். அந்த எக்கோவை நம்பிக் கணக்குப் போட்டால் தேய்மானம் தப்பும், கொழுப்பும் தப்பும். இப்படிப்பட்டவர்களுக்கு எக்கோக்களை முன்னுக்குத் தள்ளி நெருக்க வேண்டும். எவ்வளவு நெருக்குவது என்பதையும் இதே நிரல் சொல்லும்.

படி 6: ஒரு வோக்ஸலிலிருந்து ஈரல் முழுவதற்கும்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், கடினமான சிந்தனை முந்தைய படிகளிலேயே முடிந்துவிட்டது. 64க்கு 64 கட்டத்தில் ஈரல் வடிவத்தை வரைந்து, ஒரு பக்கம் 6%, மறுபக்கம் 14% என்று கொழுப்பை மாற்றி வையுங்கள். உண்மையான ஈரலிலும் கொழுப்பு சமமாகப் பரவி இருப்பதில்லை. மேற்புறம் நுரையீரலின் காற்றை ஒட்டிய வளைவில் புல விலகலைக் கூட்டுங்கள். நீரும் கொழுப்பும் இடம் மாறும் தவறு அங்கேதான் முதலில் தலைகாட்டும். பக்கத்துப் பக்கத்து வோக்ஸலில் புலம் திடீரென்று தாவாது என்ற நிபந்தனையைச் சேர்த்தால் தவறு பெரும்பாலும் அடங்கும்.

பிறகு படத்தில் வட்டம் வைத்து அதற்குள் உள்ள கொழுப்பை அளப்பதைச் சோதியுங்கள். ஒரே ஒரு வட்டம் வைத்தால் என்ன விடை, ஈரலின் ஒன்பது பகுதியிலும் ஒவ்வொன்று வைத்துச் சராசரி எடுத்தால் என்ன விடை? ரேடியாலஜிஸ்ட் நண்பர் யாரிடமாவது இந்தப் படத்தைக் காட்டுங்கள், நல்ல உரையாடல் நடக்கும்.

படி 7: கடலை எண்ணெய்

கணினியில் கண்டதைக் கையில் தொட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. நீர், எண்ணெய், அகர் சேர்த்துக் குழாய்களில் ஊற்றும் ஃபான்டம் அதற்குத்தான். உலகம் முழுக்க இதற்கு அதிகம் பயன்படுத்தும் எண்ணெய்களில் ஒன்று நம் கடலை எண்ணெய். அதன் உச்சங்கள் மனிதக் கொழுப்பின் உச்சங்களை நெருங்கி இருப்பதே காரணம். விருத்தாசலம் பக்கத்தில் விளைந்த கடலை, உள்ளூர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெய் என்றால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

என் மாணவி ஒருவர் வீட்டில் இருந்ததென்று தேங்காய் எண்ணெயில் செய்து கொண்டுவந்தார். ஸ்கேன் அறையின் ஏசியில் அரை மணி நேரம் வைத்ததும் குழாய்களில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி நின்றது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உறைந்த கொழுப்பின் சிக்னல் எக்கோ வருவதற்குள் தேய்ந்துபோகும். உறையாவிட்டாலும், அதில் இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு என்பதால் +0.60இல் இருக்க வேண்டிய உச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆறு உச்ச மாதிரி அங்கே பொருந்தாது.

0, 5, 10, 20, 40% கன அளவில் ஐந்து குழாய்கள் போதும். எண்ணெயையும் நீரையும் பிரியாமல் கட்டிவைக்க சோடியம் டோடெசில் சல்ஃபேட், கெட்டுப்போகாமல் இருக்க சோடியம் பென்சோயேட், கெட்டிப்பட அகர். சூடாக இருக்கும்போதே கலக்கி ஊற்றி, குமிழி போகத் தட்டி, அசைக்காமல் ஆறவிடுங்கள். கன அளவில் ஒரு லிட்டர் எண்ணெயில் இருக்கும் புரோட்டான் ஒரு லிட்டர் நீரில் இருப்பதைவிடச் சுமார் 4% குறைவு. ஆகவே 10% குழாயின் உண்மையான கொழுப்புப் பங்கு 9.6% பக்கம். சிமுலேஷனில் அந்த எண்ணைப் போட்டு ஒப்பிடுங்கள்.

வெப்பத்தையும் மறக்காதீர்கள். நீரின் சுழல் வேகம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 0.01 பங்கு நகரும். உடம்பு 37 டிகிரி, ஏசி அறை 22 என்றால் வித்தியாசம் 0.15. 1.5 டெஸ்லாவில் சுமார் 10 ஹெர்ட்ஸ். நிரலில் ஆறு உச்சங்களையும் அந்த அளவுக்குத் தள்ளி வைத்தால்தான் குழாயும் கணினியும் பேசிக்கொள்ளும். குழாய்கள் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், தாங்கியில் ஆணியோ கம்பியோ கூடாது. ஸ்கேன் அறைக்குள் டெக்னீஷியன் சொல்வதே சட்டம்.

படி 8: ஸ்கேனருக்குத் திரும்பி வருதல்

பெரிய நிறுவனங்களின் இயந்திரங்களில் இந்தத் திருத்தங்கள் எல்லாம் சேர்ந்த முறைகள் ஏற்கெனவே உண்டு. ஜிஇயின் ஐடியல் ஐக்யூ, பிலிப்ஸின் எம்டிக்சன் குவான்ட், சீமென்ஸின் லிவர்லேப் அப்படிப்பட்டவை. அந்த வசதி இல்லாத இயந்திரத்தில் வெறும் இரண்டு எக்கோ படத்திலிருந்து சதவீதம் எழுதித் தருவதும் நடக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை: எத்தனை எக்கோ, ஃபிளிப் கோணம் என்ன, டி2 ஸ்டார் திருத்தம் உண்டா, கொழுப்புக்கு ஓர் உச்சமா பலவா, எத்தனை டெஸ்லா. இந்த ஐந்தும் தெரிந்தால் அதே நிலையை உங்கள் நிரலில் போட்டு, 4, 6, 10, 20% கொழுப்புக்கு அந்த இயந்திரம் என்ன சொல்லும் என்று ஓர் அட்டவணை தயாரித்துவிடலாம். சென்டரில் உள்ளவர்களிடம் குற்றம் சொல்வது போலப் போகாமல், அந்த அட்டவணையோடு போங்கள். நான் போன இடத்தில் டெக்னீஷியன் தம்பி ஆர்வமாக உட்கார்ந்து பார்த்தார், அடுத்த வாரமே கோணத்தைக் குறைத்து ஒரு புரோட்டோகால் தனியாகச் சேமித்துவிட்டார்.

மாமாவிடம் கடைசியில் சொன்னேன். “நடக்கறத விட்டுடாதீங்க மாமா. ஆனா அந்த 14ஐ மறந்துடுங்க, கணக்கு 10லேருந்துதான்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்போ அடுத்த தடவ எங்க எடுக்கணும்?” என்று மட்டும் கேட்டார். இரண்டாவது சென்டரின் பெயர், 5 டிகிரி, ஆறு எக்கோ, 1.5 டெஸ்லா என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஏலக் கணக்கு நோட்டின் அட்டைக்குள் செருகி வைத்திருக்கிறார். ஆறு மாதம் கழித்து, அதே இடத்தில், அதே செட்டிங்கில் எடுக்கப் போகிறோம்.